குளிர் முனையில் ஒயர் இல்லை: பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாடி ஓணான் ஈடு, நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் உருவானது இந்த ஊரை ஒட்டித்தான். தோட்டத்து லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் இன்று சுற்றியுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், ஒரு மாடி வரிசை வீடுகளில் இருக்கின்றன. கோழி, புறா, மீன் என்று ஏதாவது ஒன்றை வளர்க்காத வீடு குறைவு. அந்த வரிசையில் இப்போது தாடி ஓணானும் சேர்ந்திருக்கிறது. கடையில் பியர்டட் டிராகன் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இந்த வட்டாரத்தில் வெவ்வேறு வீடுகளில் திரும்பத் திரும்ப நேர்வதை ஒரே வீட்டில் நடந்ததாகக் கோத்து எழுதியிருக்கிறோம். எண்கள் இத்தகைய வீடுகளில் எதிர்பார்க்கக்கூடிய அளவுகள். வீட்டுக்காரர்கள் கணவன் மனைவி இருவர், ஓணானும் இரண்டு. ஆணுக்கு மூன்று வயது, எடை 420 கிராம். பெண்ணுக்குப் பதினான்கு மாதம், எடை 310 கிராம். இரண்டும் ஒரே கண்ணாடித் தொட்டியில் இருந்தன.

பெண்ணைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு மாதமாவது ஆகி, எடை 350 கிராமைத் தாண்டிய பிறகே பெண்ணை ஆணோடு விட வேண்டும். இங்கே இரண்டுமே குறைவு. அதைத் தவிர மற்ற பிழைகள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. இந்த விலங்குக்கான வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே அறை 18 பாகை செல்சியஸ், ஆகவே சூடாக்கு, இன்னும் சூடாக்கு என்று எழுதியிருக்கும். பெஸ்தாரி ஜெயாவில் பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குள் 32, 33 பாகை இருக்கும். அதே குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றினால் ஓணான் வேகும், முட்டையும் வேகும்.

நடந்தது

ஜனவரியில் இணை சேர்ந்தது. ஆண் தாடியைக் கறுப்பாக்கித் தலையை ஆட்டியது, பெண் ஒரு கையைத் தூக்கி மெதுவாகச் சுழற்றியது. நாலரை வாரம் கழித்து 21 முட்டைகள், ஒரே தடவையில் இட்ட இந்தத் தொகுதியைத்தான் ஈடு என்கிறோம். அவற்றை ஈர வெர்மிகுலைட்டில், அதாவது நீரைப் பிடித்து வைக்கும் கனிமத் துகளில் வைத்து, பாசாரில் கேட்டு வாங்கிய பொலிஸ்டைரின் மீன் பெட்டிக்குள் அடைத்து, அலமாரியின் மேல் வைத்தார்கள். சைலிங் அதற்கு ஒன்றரை அடி மேலே. பெட்டிக்குள் ஒரு சூட்டுப் பாய். அதை இயக்கும் தெர்மோஸ்டாட் 30 பாகையில் வைக்கப்பட்டிருந்தது.

49ஆம் நாள் முதல் குஞ்சு வெளியே வந்தது. மொத்தம் ஒன்பது பொரித்தன, இரண்டு ஒரு வாரத்துக்குள் இறந்தன. பொரிக்காதவற்றில் ஆறு மூன்றாவது வாரத்திலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கியவை. மீதி ஆறைத் திறந்து பார்த்தபோது உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சுகள் இறந்து கிடந்தன. பிழைத்த ஏழும் ஐந்து மாதத்தில் பார்க்கையில் பெண்ணாகவே தெரிந்தன.

முட்டையிட்ட அன்றே ஆணைப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் 26ஆம் நாள் பெண்ணின் வயிறு மறுபடி பெருத்தது. இதில் வியப்பில்லை. பெண் ஓணான் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்திருந்து, ஒரே இணைசேர்க்கையிலிருந்து மூன்று நான்கு வார இடைவெளியில் பல ஈடுகள் இடும். முட்டையிட ஒரு பேசினில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு உலர்ந்த ஆற்று மணல் வைத்தார்கள். மூன்று நாள் தோண்டியது. தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. நான்காம் நாள் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் கண்மூடிக் கிடந்தது.

அன்று மாலை மனைவி கூப்பிட்டார். "ஏங்க, இங்க வந்து பாருங்க, இதோட விரல் தானா துடிக்குது."

"குளிருதுபோல. பல்ப கொஞ்சம் இறக்கி வை."

அறையில் அப்போது 31 பாகை. விரல் துடித்தது இரத்தத்தில் கால்சியம் குறைந்ததால். ஊர்வனவற்றைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் மறுநாள் கொண்டு போனார்கள். எக்ஸ்ரேயில் முட்டைகள் வரிசையாகத் தெரிந்தன, தொடை எலும்பின் ஓரக்கோடு மெலிந்திருந்தது. இரத்தத்தில் அயனிக் கால்சியம் குறைவு. கால்சியம் ஊசி, நீரேற்றம், அதோடு சரியான முட்டைப்பெட்டி. இரண்டாம் நாள் இரவு 17 முட்டைகளை இட்டது. அறுவை வரை போகாமல் தப்பியது. தோண்டி நிறுத்திவிட்டுச் சோர்ந்து கிடக்கும் சினை ஓணானை "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று விடக்கூடாது. அந்த ஒரு வாரத்தில்தான் பெரும்பாலானவை போகின்றன.

முட்டைகள் ஏன் வெந்தன

மீன் பெட்டிக்குள் சூட்டைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைப் போட்டு, முட்டையில்லாமல் ஒரு வாரம் அதே இடத்தில் ஓட்டிப் பார்த்தால் கதை தெளிவாகும். இரவில் சரியாக 30. காலை பத்து மணி வரை அசையாது. பதினொன்றுக்கு மேல் ஏறத் தொடங்கும், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை 35, 36. இரவு எட்டு மணிக்குப் பிறகே இறங்கும். தெர்மோஸ்டாட்டில் பழுதில்லை. சூட்டுப் பாயை அது காலையிலேயே அணைத்துவிட்டது. அறையே பெட்டியைச் சூடாக்குகிறது. சூடாக்க மட்டும் தெரிந்த பெட்டி சரியாக வேலை செய்ய, அது இருக்கும் இடம் குறித்த சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக இருக்க வேண்டும். கூரையடியில் அது நடக்காது.

இவர்கள் வாங்கியிருந்தது எஸ்டிசி-1000 என்ற மலிவு விலைக் கட்டுப்பாட்டுக் கருவி. ஷோப்பி இணையக் கடையில் எளிதாகக் கிடைப்பது. அதன் பின்புறம் இரண்டு வெளியீடுகள் உண்டு, ஒன்று சூட்டுக்கு, மற்றொன்று குளிருக்கு. சூட்டு முனையில் ஒயர் இறுக்கமாக மாட்டப்பட்டிருந்தது. குளிர் முனையின் இரு திருகுகளும் கடையில் வந்தபடியே பளபளவென்று இருந்தன.

சூடு மிகுந்தால் வளர்ச்சி வேகமாகிறது. 28 முதல் 29 பாகையில் 65, 70 நாள் எடுக்க வேண்டியது 49 நாளில் முடிந்தது அதனால்தான். வேகமாக வளரும் கருவுக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவை. இறுக மூடிய பெட்டியில் கடைசி வாரத்தில் அது போதாது. ஆறு குஞ்சுகள் முழுவளர்ச்சிக்குப் பிறகு ஓட்டுக்குள் இறந்ததற்கு இதுவும் சூடும் சேர்ந்தே காரணமாக இருக்க வேண்டும். பூஞ்சைக்குக் காரணம் வேறு. பகல் 36, இரவு 30 என்று ஆடும் பெட்டியில் ஒவ்வொரு இரவும் மூடியின் அடியில் நீர் கோத்து, முட்டையின் மேலேயே சொட்டும். வெர்மிகுலைட்டும் கைக்கணக்கில் நனைக்கப்பட்டிருந்தது. அதை எடைக்கு எடை கலக்க வேண்டும், 200 கிராமுக்கு 200 கிராம் தண்ணீர். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் ஒழுகக்கூடாது.

இனி அந்த ஏழு பெண்கள். தாடி ஓணானில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. கோழிக்கு இருப்பது போலத்தான். ஆனால் அடைகாக்கும் சூடு 32 பாகையைத் தாண்டினால், இரண்டு இசட் உள்ள கருக்கள், அதாவது ஆணாக வேண்டியவை, பெண்ணாகவே வளரத் தொடங்குகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2007இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். கிளேர் ஹொலெலி, ஆர்தர் ஜார்ஜஸ் குழுவினர் 2015இல் நேச்சர் இதழில் இன்னும் ஒரு படி போனார்கள். காட்டிலேயே இப்படி மாறிய பெண்கள் உண்டு, அவை முட்டையிடும், குஞ்சும் பொரிக்கும். அவற்றை வழக்கமான ஆணோடு சேர்த்தால் பிறப்பவை எல்லாம் இரண்டு இசட். அவற்றில் ஆண் பெண்ணைத் தீர்மானிப்பது குரோமோசோம் அன்று, அடைச்சூடு மட்டுமே.

தற்செயலாக ஏழும் பெண்ணாக அமைய 128இல் ஒரு வாய்ப்பு. மரபணுச் சோதனை செய்யாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் 36 பாகைப் பதிவோடு சேர்த்துப் பார்த்தால் சிலவாவது மாறிய பெண்கள் என்றே கொள்ள வேண்டும். வளர்ப்பவருக்கு இதில் நடைமுறைச் சிக்கல் உண்டு. இப்படிப்பட்ட பெண்ணை வாங்கியவர் சரியான 28.5 பாகையில் அடை வைத்தால், ஈடு முழுவதும் ஆணாக வரும். எங்கே பிழை என்று தேடித் தேடிக் களைத்துப்போவார். ஆகவே அந்த ஏழையும் கொடுக்கும்போது அடைச்சூட்டைச் சொல்லியே கொடுக்கச் சொன்னோம், செல்லமாக வளர்க்க மட்டும்.

தாய்க்கு ஏன் கால்சியம் இறங்கியது

கால்சியம் தூள் கொடுக்கவே இல்லையா என்றால், கொடுத்தார்கள். தினமும் செங்கெரிக் பூச்சியை, அதாவது சிள்வண்டை, மாவில் புரட்டுவது போலப் புரட்டித்தான் போட்டார்கள். குறைவு கால்சியத்தில் இல்லை, அதைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற்றும் டி3 வைட்டமினில். தாடி ஓணான் அதைத் தன் தோலில் தானே செய்துகொள்ளும், 290 முதல் 315 நானோமீட்டர் புறஊதா பி கதிர் பட்டால். அந்தக் கதிர் இந்த வீட்டில் மூன்று இடத்தில் தடைப்பட்டது.

முதலாவது, விளக்கு. 26 வாட் சுருள் வகைச் சிறு விளக்கு, அதுவும் கம்பிவலை மூடியின் மேல். வலை மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தின்றுவிடும். சுருள் விளக்கின் கதிர் ஒரு கையகலத்தைத் தாண்டிப் பயன்படாது.

இரண்டாவது, கண்ணாடி. காலையில் தொட்டியோடு தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். சாதாரணக் கண்ணாடி புறஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி பத்து நிமிடத்தில் உயிரைக் கொல்லும் அளவுக்குச் சூடேறும். இவர்களுடையது தப்பியதற்குக் காரணம் மூன்றாவது தடை.

அது கடிகாரம். இளவெயில் நல்லது என்று ஏழரை மணிக்கு அரைமணி நேரம் வைத்தார்கள். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னே இருக்கும் கடிகாரத்துக்கு மாறியது. சூரியனோ இந்தத் தீர்க்கரேகையில் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1:15 மணிக்கு, பிப்ரவரியில் 1:30ஐ நெருங்கும். ஏழரை மணிக்குச் சூரியன் அப்போதுதான் செம்பனை மரத்தலைக்கு மேல் தெரியும். அதன் ஒளியில் புறஊதா பி இல்லையென்றே சொல்லலாம். ஒன்பது மணிக்கும் போதாது. தெளிந்த வானத்தில் பத்து மணியளவில்தான் புறஊதாக் குறியீடு 4ஐ ஒட்டி வரும், இந்த இனத்துக்கு வேண்டிய அளவு 3 முதல் 5. பதினொன்றரைக்கு மேல் கூடாது. கம்பிவலைக் கூண்டு, பாதி நிழல், பக்கத்தில் ஆள், இருபது நிமிடம், வாரம் மூன்று நாலு தடவை. வானம் மூடினால் அன்று கணக்கில்லை, புகைமூட்டக் காலத்திலும் அப்படியே. அதனால் வெயிலை நம்பி விளக்கைக் கைவிடவும் முடியாது.

இதோடு கீரையும் சேர்ந்தது. தினமும் பாயமும் கங்கோங் எனும் வள்ளைக்கீரையும். பாயம், அதாவது நம் தண்டுக்கீரை வகை, ஆக்ஸலேட் மிகுந்தது. கொடுத்த கால்சியத்தையே பிடித்துக் கட்டி வெளியே அனுப்பும். பதிலுக்கு வீட்டுக் கொல்லையிலேயே முருங்கை நின்றது! அதன் இலையில் கால்சியம் தாராளம். வேலியில் செம்பருத்தி, இலையும் பூவும் இரண்டும் தின்னும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் சவி என்ற கடுகுக்கீரை வகை, மஞ்சள் பூசணி. பெரிய ஓணானின் தட்டில் நான்கில் மூன்று பங்கு இலைதழை, ஒரு பங்கு பூச்சி என்பது கணக்கு. குஞ்சுக்கு இது தலைகீழ்.

பூச்சி விஷயத்தில் தோட்டத்து ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. செம்பனை வரிசைக்குள் பிடித்த வெட்டுக்கிளி இலவசம்தான், ஆனால் இளங்கன்றுகளில் காண்டாமிருக வண்டுக்குச் சைப்பர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி அடிப்பார்கள், புல்லுக்குக் களைக்கொல்லி அடிப்பார்கள். அதைத் தின்ற பூச்சியைத் தின்பது ஓணான். மின்மினி இன்னும் மோசம். பக்கத்தில்தான் கம்போங் குவாந்தான், மின்மினிக்கே பேர் போன இடம். அமெரிக்காவின் ஃபோட்டினஸ் மின்மினியைத் தின்று தாடி ஓணான் இறந்தது பதிவாகியிருக்கிறது. இங்குள்ள இனம் வேறு என்றாலும் பரீட்சை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இரவில் விளக்குக்கு வரும் பூச்சி எதையும் கூண்டருகே விடாதீர்கள். அவகாடோவும் ஆகாது.

தொட்டியில் நிழல் இருந்தது, குளிர் இல்லை

பழைய தொட்டி 90க்கு 45 சென்டிமீட்டர், உயரம் 45. மேலே 75 வாட் விளக்கு. படுத்து வெயில்காயும் கல்லின் மேற்பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானி 52 பாகை காட்டியது, மறுகோடியில் காற்று 35. கல் 38 முதல் 42 வரை இருக்க வேண்டும், மறுகோடி முப்பதுக்குள் இருந்தால் நல்லது, 31ஐத் தாண்டக்கூடாது. கல்லின் மேல் வாயைப் பிளந்து கிடப்பது இயல்பு. எதிர்க்கோடியில் போயும் வாயைப் பிளந்தால் ஓட இடமில்லை என்று பொருள். இந்தப் பெண் எதிர்க்கோடியில்தான் பிளந்தது. அதை "சிரிக்குது" என்று படமெடுத்து வைத்திருந்தார்கள்.

ஈரப்பதத்தைப் பற்றி நம்மவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். பகலில் பெரிய சிக்கல் இல்லை. அறைக்காற்று 32 பாகையில் 65 சதவீதம் இருந்தால், அதே காற்று விளக்கடியில் 40 பாகைக்கு ஏறும்போது 42 சதவீதமாகிவிடும். நீர் குறையவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது. தொல்லை இரவில்தான். 24 பாகை, 95 சதவீதம், கீழே தேங்காய் நார்த்தூள். இரண்டு மாதத்தில் அந்த நார்த்தூளில் பூசணம். இந்தச் சூழலில் மூச்சுக்குழாய்த் தொற்றும், செதிலைத் தின்னும் மஞ்சள் பூஞ்சை நோயும் வரும். மஞ்சள் பூஞ்சை வந்தால் திரும்பிப் போவது அரிது. நார்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டு, சொரசொரப்பான டைல்ஸ் வெட்டிப் போட்டார்கள். நகமும் தானாகத் தேயும்.

மாற்றியமைத்தது

புதிய கூண்டு 120க்கு 60 சென்டிமீட்டர், உயரம் 60, பிவிசி பலகை, முன்னே தள்ளுகண்ணாடி. ஒரு பக்கச் சுவரில் கீழே காற்றுத் துளைகள், எதிர்ப்பக்கம் மேலே கணினியில் வரும் 12 வோல்ட் விசிறி. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூண்டு, ஒன்றையொன்று பார்க்காதபடி. பார்த்துக்கொண்டே இருந்தால் பெண் தின்னாது.

வெயில் விளக்கு 50 வாட் ஹாலோஜன், அதுவே இந்த ஊருக்குப் போதும். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை, பிறகு நாலரையிலிருந்து ஆறரை வரை. இடையில் டைமர் அணைத்துவிடும், அந்நேரம் அறையே சூடு. புறஊதா விளக்கு மட்டும் பகல் முழுவதும் எரியும். 12 சதவீதம் என்று குறித்த டி5 எச்ஓ வகை நீளக் குழல் விளக்கு, கூண்டின் உள்ளேயே, வலைக்குக் கீழே, கல்லிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில். வெயில் விளக்கும் குழலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். தோலில் உருவாவது முதலில் முன்வடிவம், அது டி3 ஆக மாற உடல் சூடும் வேண்டும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கண்ணுக்குத் தெரியும் ஒளி இருக்கும், கதிர் இறங்கியிருக்கும். மாற்றிய தேதியைக் குழலின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வைத்தார்கள். நல்ல பழக்கம்.

முட்டைப்பெட்டி 60 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. தோட்டமண்ணும் மணலும் சரிபாதி, 25 சென்டிமீட்டர் உயரம், ஈரமாக. கையை உள்ளே விட்டுக் குடைந்து எடுத்தால் குகை அப்படியே நிற்க வேண்டும். நின்றால் பெண் ஏற்கும், சரிந்தால் ஏற்காது. மண்ணை உரம், மருந்து படாத இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அடைப்பெட்டிதான் பெரிய மாற்றம். பழைய ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டி ஒன்று ஸ்டோர் அறையில் கிடந்தது, கம்ப்ரஸர் ஓடும் நிலையில். அதை வீட்டின் பின்புறத்தில், வெயில் படாத சிமெண்ட் தரையில் வைத்தார்கள். எஸ்டிசி-1000இன் குளிர் முனை குளிர்பெட்டிக்கு, சூட்டு முனை 25 வாட் சூட்டு ஒயருக்கு. 240 வோல்ட் வேலை என்பதால் வயர்மேனைக் கூப்பிட்டே செய்தது. கருவியின் அமைப்பில் எஃப்1இல் வேண்டிய சூடு 28.5, எஃப்2இல் அதிலிருந்து விலகலாம் என்ற அளவு 0.5, எஃப்3இல் 3. கடைசியாகச் சொன்னது கம்ப்ரஸர் நின்ற பிறகு மறுபடி ஓட எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது. அதைக் குறைத்தால் கம்ப்ரஸர் சீக்கிரம் கெடும். உணரியை வெறும் காற்றில் தொங்கவிடாமல் ஒரு சிறு மருந்து பாட்டில் தண்ணீருக்குள் விட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கருவி பதறாது. கீழ்த்தட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு. மாலை இடிமழையில் கரண்ட் போனாலும் அந்த ஒன்பது லிட்டர் தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே ஒரு சிறு விசிறி, காற்றைக் கலக்க. முட்டை டப்பாவின் மூடியில் இரண்டே இரண்டு துளைகள், வாரத்துக்கு இரு முறை மூடியைத் திறந்து விசிறிவிடுதல்.

குளிர்பெட்டி இல்லாதவர்கள் இரவும் பகலும் ஏர்கோன் ஓடும் 25, 26 பாகை அறையில் சாதாரணச் சூட்டுப் பெட்டியை வைத்தால் போதும். ஐஸ் பாட்டிலை மாற்றி மாற்றி வைக்கும் வழி அவசரத்துக்கு மட்டும். ஒரு பிற்பகல் மறந்தால் போயிற்று.

இதற்கெல்லாம் முன் பெண்ணுக்கு ஓய்வு. இந்த ஓணானின் சொந்த மண்ணில், எடுத்துக்காட்டாக ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் பக்கம், கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறக்குறைய நான்கு மணி நேர வித்தியாசம். பெஸ்தாரி ஜெயாவில் ஆண்டு முழுவதும் அரைமணி கூட இல்லை. குளிர்காலம் வராததால் பெண்ணின் உடல் நிறுத்தாமல் முட்டை கட்டிக்கொண்டே இருக்கும், ஆண் இல்லாவிட்டாலும் கருவில்லாத முட்டை கட்டும். ஆகவே குளிர்காலத்தை நாமே செய்ய வேண்டும். நவம்பரிலிருந்து ஒன்பது வாரம் விளக்கு பத்து மணி நேரம், இரவில் ஏர்கோனில் 21 பாகை, உணவு மிகக் குறைவு. முதலில் குடலைக் காலியாக்க ஒரு வாரம் பூச்சியை நிறுத்தி, வெயில் விளக்கை மட்டும் தொடர வேண்டும். செரிக்காத உணவோடு குளிருக்குள் போனால் வயிற்றிலேயே அழுகும். பிறகு படிப்படியாகப் பதினான்கு மணி நேரம்.

அடுத்த ஈடு

பெண்ணுக்கு வயது 26 மாதம், எடை 405 கிராம். ஆணோடு நான்கு நாள் மட்டும், பகலில், கண்காணிப்பில். ஆண் கழுத்துத் தோலைக் கவ்வும், சிறு காயம் இயல்பு. ரத்தம் வந்தால் பிரிக்க வேண்டும். 24 முட்டைகள், ஒரே இரவில், புதிய பெட்டியில். முட்டையின் மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒரு நாளுக்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் ஒட்டிக்கொண்ட கரு அறுந்து இறந்துவிடும் என்பதால் அந்தப் புள்ளி எப்போதும் மேலேயே. பத்தாம் நாள் டார்ச் வைத்துப் பார்த்தபோது 22இல் இளஞ்சிவப்பு ஒளியும் நரம்புகளும், இரண்டு மஞ்சளாக வெறுமை. ஐந்தாவது வாரம் சில குழி விழுந்தன. தண்ணீரை முட்டையில் தெளிக்காமல் டப்பாவின் ஓரமாக விட்டதும் இரண்டு நாளில் நிமிர்ந்தன. பொரிப்பதற்கு ஒருநாள் முன் எல்லாமே தொய்ந்து, மேலே வியர்த்தது போல நீர்த்துளி கட்டும். புதியவர்கள் அதைக் கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கி எறிவதுண்டு.

66 முதல் 70 நாளுக்குள் 20 பொரித்தன. பின்னால் பார்த்தபோது ஆணும் பெண்ணும் கலந்திருந்தன. பெண்ணுக்கு இம்முறை விரல் துடிக்கவில்லை.

குஞ்சுகளில் தொல்லை வேறு வடிவில் வந்தது. பொரித்த குஞ்சை ஒரு நாள் டப்பாவிலேயே விட வேண்டும், மஞ்சட்கரு வயிற்றுக்குள் போய்ச் சேரும் வரை. அதைச் செய்தார்கள். பிறகு இருபதையும் ஒரே தொட்டியில் விட்டார்கள். மூன்றாவது நாள் ஒன்றுக்கு வால்நுனி போனது, இன்னொன்றுக்கு ஒரு கால்விரல். தாடி ஓணானுக்குப் பல்லியைப் போல வால் திரும்ப முளைக்காது. அசைவது எதுவாக இருந்தாலும் பசித்த குஞ்சுக்கு அது இரைதான். அளவு பார்த்து ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒரு நாளைக்கு மூன்று முறை இரை வைத்த பிறகு நின்றது. இரையின் நீளம் குஞ்சின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் செரிக்காமல் பின்கால் செயலிழக்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகு மீந்த செங்கெரிக்கை எடுத்துவிட வேண்டும், இரவில் அது குஞ்சைக் கடிக்கும்.

ஏழாவது வாரம் டெங்கிப் புகையடிக்க வந்தார்கள். ஓணான்களை ஏர்கோன் அறைக்குள் அடைத்துக் கதவிடுக்கில் ஈரத்துணி செருகியதால் அவற்றுக்கு ஒன்றுமில்லை. கொல்லையில் இருந்த செங்கெரிக் வாளி மறந்துபோனது, மாலைக்குள் அத்தனையும் மல்லாந்து கிடந்தன. செத்ததை மட்டுமல்ல, அரைகுறையாகக் கால் உதைத்துக்கொண்டிருந்ததையும் சேர்த்துக் கொட்டியது சரி. புகை பட்ட பூச்சியை இரையாக வைக்கக்கூடாது.

கொடுப்பதற்கு முன் குஞ்சுக்கு எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், தானாகப் பூச்சியும் இலையும் தின்ன வேண்டும், மலம் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்து நாறினால் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி, புழு இரண்டுக்கும் மலச் சோதனை செய்த பிறகே. ஊர்வன எல்லாவற்றிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும், வாங்குபவர் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். தட்டைச் சமையலறைச் சிங்க்கில் கழுவ வேண்டாம் என்பதையும் சேர்த்து. விற்பனை என்று வந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 716 குறுக்கே வரும். உரிமம் தேவையா, எந்த வகை என்பதை மாநில பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறை அலுவலகத்தில் முட்டை பொரிவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இருபது குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பது, ஒரு நாளைக்கு ஆயிரம் செங்கெரிக் செலவு.